மேல் குழாயும் அரைமணி நேரமும்

அத்தியாயம் பதினொன்று

போன் திரை சாம்பல் நிறமாகிப் போனது.

அழகர் அதை முதலில் பனி என்றுதான் நினைத்தார். அம்பிட்டிய மேட்டில் விடியக்காலைப் பனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். கண்ணாடியில் உட்காரும், பாத்திரத்தில் உட்காரும், போனில் மட்டும் உட்காராதா என்ன. சட்டை நுனியால் துடைத்துப் பார்த்தார். துடைத்த பிறகும் சாம்பல்தான். நடுவில் சின்னதாக ஒரு மணல் கடிகாரம். அதற்குக் கீழே ஒரு வரி.

எழுத்துக் கூட்டி வாசித்தார். இன்றைக்கு உங்கள் நேரம் முடிந்துவிட்டது.

"கமலம்," என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார். "என் நேரம் முடிஞ்சிருச்சின்னு போன் சொல்லுது."

"நல்லதாப் போச்சு. தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள குடிச்சிட்டுக் கிளம்புங்க," என்றாள் அவர் மனைவி.

மகள் நிஷாந்தி வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள். கண்டி டவுனில் ஒரு மருந்துக் கடையில் அவளுக்கு வேலை. ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால்தான் கடை திறக்கும் நேரத்துக்குப் போகலாம்.

"நான்தாம்பா வச்சேன். நேத்து சொன்னேனே, ஒரு நாளைக்கு அரைமணி நேரம்னு. நீங்க அஞ்சு மணிக்கே எல்லாத்தையும் செலவழிச்சிட்டீங்க."

"அரைமணியா ஆச்சு? நான் நாலு வரிதானே வாசிச்சேன்."

"நாலு வரிக்கு அரைமணி எடுத்தா நான் என்ன செய்யிறது?"

அவள் சிரித்துக்கொண்டே படியிறங்கினாள். பனி அவளைக் காலிலிருந்து மேலாக மெல்ல மெல்ல அழித்தது. கடைசியில் கைப்பை மட்டும் கொஞ்ச நேரம் தனியாக நடந்து போனது.

அவள் கேட்டது சரிதான். எழுத்து அழகருக்கு நாற்பத்தெட்டு வயதில்தான் வந்தது. அதுவரை அவருக்குத் தெரிந்ததெல்லாம் மண்வெட்டி, குழாய், வால்வு. மேட்டுத்தெருத் தண்ணீர்ச் சங்கத்துக்கு ஜனார்த்தனன் ஐயா செயலாளராக வந்ததும் ஒரு சட்டம் போட்டார். யாருக்கு என்ன தேவை என்றாலும் சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் எழுத வேண்டும், வாய்ச்சொல் செல்லாது, போன் எடுத்துப் பேசினாலும் செல்லாது. சொன்னேன், சொல்லவில்லை என்று தெருவில் சண்டை வந்து அலுத்துப்போன மனுசர் அவர்.

அந்தச் சட்டத்துக்காகத்தான் நிஷாந்தி அப்பாவுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். வேலைக்கென்று படித்த எழுத்து வேலையோடு நிற்கவில்லை. அவருக்கு ஒரு பேஸ்புக் கணக்கும் திறந்து, 'ஊற்று' என்று பேர் வைத்து, வானத்தைப் படமாகப் போட்டுக் கொடுத்தாள். மற்றவர்கள் பிள்ளைப் பருவத்தில் வாசித்து முடித்ததை எல்லாம் அவர் இப்போதுதான் வாசிக்கிறார். ஆள் பசியோடு பந்தியில் உட்கார்ந்த மாதிரி. இலையை விட்டு எழும்ப மனசு வரவில்லை.

அதில் வந்த வினையைத்தான் போன வாரம் பார்த்தோம். கீழ்த்தெருக் குழாயைத் திறந்துவிட்டு, வால்வுக் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தவர் மூட மறந்துவிட்டார். தொட்டி காலி. மேல் குழாயில் இருக்கிற முப்பத்தொரு வீட்டுக்கு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இல்லை. கூட்டம் கூடியது. இன்னொரு தடவை எந்தத் தெருவுக்காவது முறை தவறினால் அழகர் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று ஜனார்த்தனன் ஐயா எழுதி, வாசித்தும் காட்டினார்.

சாவி என்றால் சட்டைப் பையில் போடுகிற சாவி இல்லை. நாலடி நீளம், தலையில் குறுக்குக் கட்டை வைத்த இரும்பு. இருபத்தி மூன்று வருசமாக அது அவருடைய வலது தோளில் இருந்து இருந்து, தோளே ஒரு பக்கமாக அதற்கு இடம் விட்டுச் சரிந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்தப் பள்ளத்தில் எதை வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு அதற்குத்தான் சோதனை. மேட்டின் உச்சியில் றம்லத் அக்கா வீட்டில் மகள் பஸ்லினாவுக்கு நிக்காஹ். வழக்கமாகக் காலை ஆறிலிருந்து எட்டுவரை மேல் குழாய்க்கு முறை. இன்று மட்டும் அதை மாற்றி, முதலில் கீழ்த்தெருவுக்கு விட்டு, ஒன்பது மணியிலிருந்து பகல்வரை மேல் குழாய்க்கு ஒரே விடுகையாக விடச் சொல்லிக் குரூப்பில் எழுதியிருந்தார்கள். கல்யாணச் சமையல், கழுவல், விருந்து எல்லாம் அந்தத் தண்ணீரில்தான். எல்லாருக்கும் சம்மதம்.

"ஒம்பது மணி," என்று கமலம் நினைவுபடுத்தினாள். "போன் இல்லாட்டியும் ஒம்பது மணி வரும்."

"தெரியும்," என்றார். ஆனால் அவர் மனசு அந்த நாலு வரியில்தான் இருந்தது.

'ஈரக்கை' என்று ஒரு பக்கம். யார் எழுதுவது என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாளைக்கு மூன்று வரி, நாலு வரி. அழகர் மற்றதையெல்லாம் தள்ளிக்கொண்டே போய் அந்தப் பக்கத்தில்தான் நிற்பார். வாசித்து, இன்னொரு தடவை வாசித்து, சிவப்பு இதயம் ஒன்றை அழுத்திவிட்டுத்தான் எழும்புவார். இன்றைக்குச் சாம்பல் விழுவதற்கு முன்பு வாசித்தது இது:

'காலையில் குழாய் முதலில் காற்றைத்தான் தருகிறது. சீறுகிறது, இருமுகிறது. பிறகுதான் தண்ணீருக்கு வழி ஞாபகம் வருகிறது. கோபத்தோடு வீட்டுக்குள் வருகிறவர்களையும் நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.'

எங்கேயோ ஒரு மேட்டில் இருக்கிறவர்தான் இதை எழுதுகிறார் என்று அழகர் நினைத்துக்கொண்டார். குழாய் இருமுவது மேட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

ஆறு மணிக்குக் கீழ்த்தெரு வால்வைத் திறந்துவிட்டு, ஊற்றுக்கண் பக்கம் நடந்தார். ராத்திரிக் காற்றில் சருகு விழுந்து வலையை அடைத்திருந்தது. குனிந்து கையால் அள்ளினார். தண்ணீர் கையைச் சுற்றிக்கொண்டு போனது. இந்தத் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறது என்று யார் பார்த்தார்கள். தெருவுக்கு வந்த பிறகுதான் அதற்கு மணி, முறை எல்லாம். இங்கே அது தன்பாட்டுக்கு ஒரு கனவு மாதிரி ஊறிக்கொண்டிருந்தது.

சட்டைப் பையில் இருந்த போன் ஒரு சத்தமும் போடவில்லை. குரூப்பில் ஏதாவது எழுதினால் டிங் என்று அடிக்கும். அடிக்கவில்லை என்றால் யாரும் எழுதவில்லை. அப்படித்தான் அவர் நினைத்தார்.

வலையைச் சுத்தம் செய்து, தொட்டி விளிம்பில் பாசியைச் சுரண்டி, இறங்கி வரும்போது எட்டு மணிக்குப் பத்து நிமிடம். பனி மெலிந்து எதிர்மலையின் முதுகு தெரியத் தொடங்கியிருந்தது.

படிக்கட்டில் ஒரு ஆள் இறங்கி வருவது தெரிந்தது. புதுச் சாரம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி, இரண்டு கையிலும் வெற்று வாளி. றம்லத் அக்காவின் மகன் றிஸ்வி.

"என்ன தம்பி, மாப்பிள்ளைய வரவேற்க வாளியோட போறீங்க?"

றிஸ்வி வாளிகளைக் கீழே வைத்தான். "அழகர் அண்ணே, உங்களுக்கு எங்க வீட்டோட ஏதும் கோவமா?"

"என்ன கேக்கிறீங்க?"

"ஆறே காலுக்குக் குரூப்பில போட்டேன். மௌலவிக்குப் பின்னேரம் மாத்தளையில இன்னொரு நிக்காஹ். அதனால நம்மட நிக்காஹ் பத்தரைக்கு வந்திட்டு. கட்டுகஸ்தோட்டையில இருந்து மாப்பிள்ள வீட்டார் இப்பவே வெளிக்கிட்டாச்சு. ஏழு மணிக்குத் தண்ணி வேணும்னு எழுதினேன். போய்ச் சேர்ந்த ரெண்டு கோடும் விழுந்திச்சு. உங்க பேருக்கு நேர நீலம் மட்டும் விழவே இல்ல."

அழகர் போனை எடுத்துப் பார்த்தார். சாம்பல். விரலால் குத்தினார். மணல் கடிகாரம் மரியாதையாக அதே வரியைச் சொன்னது.

"குரூப்பையுமா பூட்டினா," என்றார் மெதுவாக.

"யாரு?"

"என் மகதான்."

"சரிதான். அங்க முப்பது சஹனுக்கு அரிசி கழுவாம ஈக்குது. சமையல்காரர் கை கட்டிக்கிட்டு நிக்கிறார். உம்மா என்னைய ஏசுறா, நான் உங்களைய ஏசணும். ஆனா ஏசுறதுக்கும் நேரமில்ல அண்ணே."

றிஸ்வி கீழ்த்தெருப் பக்கம் வாளிகளோடு ஓடினான். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டுத்தான் ஒரு சஹன். முப்பது சஹனுக்கு இரண்டு வாளி எந்த மூலைக்கு.

அழகர் வால்வுக் குழிக்கு முன்னால் வந்து நின்றார். தோளில் சாவி கனத்தது.

கீழ்த்தெருவை மூடினால்தான் மேலே அழுத்தம் ஏறும். இரண்டையும் திறந்து வைத்தால் மேட்டுக்கு ஒரு சொட்டு ஏறாது. ஆனால் கீழ்த்தெருவுக்கு ஒன்பது மணிவரை முறை. முறையை முந்தி மூடுவதென்றால் அரைமணிக்கு முன்னால் குரூப்பில் எழுதி அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் மூடினால் அது முறை தவறியதுதான். சாவி போகும். மூடாவிட்டால் பஸ்லினாவின் கல்யாணச் சோறு போகும்.

நிஷாந்திக்குப் போன் எடுத்தார். பேசுவதற்கு மட்டும் அது வேலை செய்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. மருந்துக் கடையில் வேலை தொடங்கியதும் எல்லாரும் போனை ஒரு மேசை லாச்சிக்குள் போட்டு மூட வேண்டும். பகல் பன்னிரண்டுக்குத்தான் திறப்பார்கள். ஊரில் எல்லாரும் நேரத்தைப் பூட்டி வைத்துவிட்டு அவரை மட்டும் வெளியே நிறுத்தியது போல் இருந்தது.

ஜனார்த்தனன் ஐயாவுக்கு எடுத்தார்.

"ஐயா, அழகர் பேசுறேன். கீழ்த்தெருவை இப்பவே மூடணும்."

"எழுத்தில போடுங்க அழகர்."

"போன் பூட்டிக்கிச்சுங்க ஐயா."

"பூட்டின போன்ல எப்பிடிப் பேசுறீங்க?"

"பேசலாம். எழுதத்தான் முடியாது."

ஐயா குரலைத் தாழ்த்தினார். "நான் உங்க மேல கோவத்தில சொல்லல. இன்னைக்கு வாய்ச்சொல்லுக்கு மூடினா, நாளைக்கு நாலு பேர் வாய்ச்சொல்லோட வருவாங்க. றிஸ்வி தண்ணி கேட்டது மட்டும்தான் எழுத்தில இருக்கு. கீழ்த்தெருவை மூடுறதைப் பத்தி யாராவது ஒருத்தர் எழுதட்டும். எழுத்தில வந்தா நான் பாத்துக்கிறேன்."

அழகர் வீட்டுக்கு ஓடினார். முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு பேச்சுப் பேசியது. மேல் குழாயில் கடைசி வீடு அவர்களுடையது. கமலம் முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நேற்றுப் பிடித்து வைத்த தண்ணீர்.

மூச்சு வாங்க விசயத்தைச் சொன்னார். "ஒன் போன்ல குரூப் இருக்குல்ல?"

"வீட்டுக்கு ஒருத்தர்னு சேத்தாங்களே. இருக்கு. காலையில இருந்து பாக்கத்தான் இல்ல."

"குடு. நான் எழுதுறேன்."

"நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள பஸ்லினாவுக்குப் புள்ள பொறந்திரும்," என்றாள் கமலம்.

கையை முந்தானையில் துடைத்தாள். சரியாகத் துடைபடவில்லை. ஈர விரலோடு போனை எடுத்து, கொஞ்சம் தலையைச் சாய்த்து, எங்கேயோ தூரத்தில் எழுதி வைத்ததைப் பார்த்து எழுதுவது போல எழுதத் தொடங்கினாள். இரண்டு கட்டை விரலும் தண்ணீர்ப் பூச்சி மாதிரி ஓடின. அழகர் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தப் போனில் அவள் நாவலப்பிட்டியில் இருக்கிற தங்கையோடு பேசுவாள் என்றுதான் அவருக்குத் தெரியும். பகல் சமையல் முடிந்ததும் அடுப்படி வாசலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உதடு அசையாமல் எப்படிப் பேசுகிறாள் என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

"சரியா இருக்கான்னு பாருங்க," என்று நீட்டினாள்.

'கீழ்த்தெரு உறவுகளே. றம்லத் அக்கா வீட்டில் அரிசி கழுவாமல் காத்திருக்கிறது. நிக்காஹ் பத்தரைக்கு முந்திவிட்டது. பஸ்லினா நம் எல்லார் வீட்டுப் படியிலும் ஏறி இறங்கி வளர்ந்த பிள்ளை. இன்று மிச்சமுள்ள உங்கள் ஒரு மணி நேரத் தண்ணீரை அவளுக்குச் சீராகக் கொடுங்கள். போன தண்ணீர் பகலில் வழி ஞாபகம் வந்து உங்களிடமே திரும்பும்.'

அழகர் வாசித்து முடிப்பதற்குள் அவள் அனுப்பிவிட்டாள்.

முதலில் ஒன்றும் வரவில்லை. முற்றத்து வாழையில் இருந்து பனி சொட்டியது. ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு.

பிறகு டிங்.

"கொடுத்தாச்சு," என்று எழுதியிருந்தது ஒரு வீடு.

"எங்க சீரும் அதுதான். மூடுங்க."

"தலையில் சவர்க்காரம். பரவாயில்லை, மணப்பொண்ணுக்காக எரிச்சலைத் தாங்குறேன்."

"சஹனில் எனக்கு ஒரு இடம் வையுங்க."

டிங், டிங் என்று கோயில் கைமணி மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. கமலம் ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னாள். கடைசியில் ஜனார்த்தனன் ஐயா எழுதினார்: "எழுத்தில் வந்துள்ளது. கீழ்த்தெரு சம்மதித்துள்ளது. அரைமணி அறிவித்தல் இன்று தேவையில்லை. செயலாளர்."

"போங்க," என்றாள் கமலம். "பாத்துக்கிட்டு நிக்காம."

கீழ்த்தெரு வால்வில் சாவியை மாட்டிப் பதினெட்டுச் சுற்று மூடினார். மேல் வால்வில் பதினெட்டுச் சுற்று திறந்தார். பிறகு நேரே ஏறி, றம்லத் அக்கா வீட்டு மதிலோரம் இருக்கிற காற்று வால்வுக்குப் போனார். இரவெல்லாம் வெறுமையாகக் கிடந்த குழாயில் காற்றுத்தான் குடியிருக்கும். அதை வெளியே விட்டால்தான் தண்ணீர் ஏறும். அவசரப்பட்டால் குழாய் வெடிக்கும். இதற்கு மட்டும் குறுக்கு வழி இல்லை.

மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டுக் குந்தினார்.

ஸ்ஸ் என்று தொடங்கியது. மதிலுக்கு அந்தப் பக்கம் சமையல் தாச்சிகள் நகரும் சத்தம், பெண்களின் சிரிப்பு, இனிப்பு வட்டலப்பத்தின் ஏலக்காய் வாசம். கீழே பள்ளத்தாக்கில் கண்டி பனியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தது. வாகனச் சத்தம் மட்டும் போர்வைக்குள் புரண்டது. மாப்பிள்ளையின் வண்டி வரிசை கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டியிருக்கும். அவர் கண்ணுக்கு, அந்த வண்டிகள் தண்ணீர் மேலேயே மெதுவாக ஊர்ந்து வருவது போலத் தெரிந்தது.

குழாய் சீறியது. இருமியது.

காலையில் குழாய் முதலில் காற்றைத்தான் தருகிறது.

அழகரின் கை வால்வு மூடியிலேயே நின்றது.

பிறகுதான் தண்ணீருக்கு வழி ஞாபகம் வருகிறது.

வழி ஞாபகம். இப்போது வாசித்தாரே, கீழ்த்தெருவுக்கு எழுதியதில். போன தண்ணீர் வழி ஞாபகம் வந்து திரும்பும் என்று. மேல் குழாயின் கடைசி வீடு. குழாய் இருமுவதை ஒவ்வொரு காலையும் கேட்கிற வீடு. முந்தானையில் துடைத்தும் காயாத விரல்.

அவருக்குள் என்னவோ ஒன்று அடைப்பு விட்ட மாதிரி ஆனது. அந்த நேரம் பார்த்துத் தண்ணீரும் வந்தது. சில்லென்று முகத்தில் அடித்தது. மூடியை இறுக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே குந்தியிருந்தார்.

"வந்திட்டு, வந்திட்டு," என்று மதிலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் குரல் எழுந்தது.

றம்லத் அக்கா மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "அழகர், நீங்க ஏன் குளிக்கிறீங்க? எங்களுக்கு விடுங்க அந்தத் தண்ணிய."

"மன்னிச்சிருங்க அக்கா. பிந்திப் போச்சு."

"பிந்தல்ல. சோறு ஆகிடும். கமலத்தோட எழுத்தப் பஸ்லினா வாசிச்சுப் போட்டு அழுது, கண்ணுல போட்ட சுருமா எல்லாம் போச்சு. அதத் திரும்பப் போடத்தான் இப்ப நேரம் பிடிக்குது." அவர் சிரித்தார். "மத்தியானம் ரெண்டு பேரும் வரணும். அவவக் கூட்டிக்கிட்டு வராம நீங்க மட்டும் வந்தா உள்ள விடமாட்டேன்."

பத்தரைக்கு நிக்காஹ் நடந்தது. பகல் பன்னிரண்டுக்குக் கீழ்த்தெருத் தண்ணீர் திரும்பிப் போனது.

பின்னேரம் நான்கு மணிக்கு நிஷாந்தி வந்து சேர்ந்தாள். பகல் லாச்சியைத் திறந்து போனை எடுத்ததுமே அம்மாவோடு பேசி எல்லாவற்றையும் தெரிந்துகொண்டிருக்கிறாள். பையைக் கதிரையில் வைத்துவிட்டு அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, பிழை எனக்குத்தான். குரூப்பும் சேர்ந்து பூட்டுப்படும்னு யோசிக்கல."

அழகர் கோபப்படவில்லை. வால்வுக் குழியைக் காட்டுவது போலத் தரையைக் காட்டினார். "ஒண்ணு சொல்லவா? நம்ம தொட்டியில ரெண்டு குழாய் இருக்கு. கீழ்த்தெருவுல தண்ணி வீணாப் போகுதுன்னா, கீழ்த்தெரு வால்வத்தான் மூடணும். நீ மெயின் வால்வ மூடிட்ட."

நிஷாந்தி அவர் போனைக் கையில் எடுத்தாள். "அப்ப குரூப் மேல் குழாயா?"

"அது எந்நேரமும் தெறந்து இருக்கட்டும். அடிச்சா நான் பாக்கணும். வேலை அது. மத்தது கீழ்த்தெரு. அதுக்கு முறை வை. ஆனா அரைமணியும் ஒரே விடுகையா வேண்டாம். ஒரேயடியா விட்டா விடியக்காலையிலயே தொட்டி காலியாயிரும். காலையில கால் மணி. கையில சாவி இருக்கிற நேரம் ஒண்ணும் கிடையாது. வேல முடிஞ்சு வந்த பொறகு கால் மணி."

"எத்தன மணிக்கு?"

"ஆறு மணிக்கு. அம்மா வெளக்கு வச்ச பொறகு."

நிஷாந்தி போனில் அவர் சொன்னபடியே வைத்தாள். பூட்டுத் திறக்கிற எண்ணை இந்த முறை அவருக்கும் சொல்லப் போனாள். அவர் கையைக் காட்டித் தடுத்தார். "வேண்டாம். நீயே வச்சிரு. எனக்குத் தெரிஞ்சா நான் தெறப்பேன்."

"அம்மா எழுதினது எப்பிடி இருந்திச்சுப்பா?" என்று கேட்டாள், போனில் இருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏன் கேக்கிற?"

"சும்மாதான்." ஒரு மாதிரிச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

இந்தப் பிள்ளைதான் அவருக்குக் கணக்குத் திறந்து கொடுத்தது. வேறு யாருக்கும் திறந்து கொடுத்திருக்கிறாளா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

ஆறு மணி. எதிர்மலை நீலமாகி, பிறகு பெயர் தெரியாத ஒரு நிறமாகியது. கமலம் விளக்கு வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் போனாள். அழகர் வாசல் கதிரையில் உட்கார்ந்து போனைத் திறந்தார். பதினைந்து நிமிடம். முதல் தடவையாக அவர் வேறு எதையும் தள்ளிப் பார்க்கவில்லை. நேரே ஈரக்கைக்குப் போனார்.

புதிய பதிவு ஒன்று இருந்தது. இன்றைக்குப் பெரிதாக இருந்தது. மெதுவாக, ஒரு எழுத்தையும் சிந்தாமல் வாசித்தார்.

'இன்று என் எழுத்து என் வீட்டு ஆள் ஒருவருக்கு உதவியது. மூன்று வருசமாக எழுதுகிறேன். கண்ணெதிரே நின்று ஒருவர் என்னை வாசித்தது இன்றுதான் முதல் தடவை. அவர் வாசிக்கும்போது உதடு அசைகிறது. ஒவ்வொரு சொல்லையும் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குகிறார். என் சொல்லை இவ்வளவு மரியாதையாக யாரும் வாசித்து நான் பார்த்ததில்லை.'

அழகர் உதட்டைக் கையால் மூடிக்கொண்டார். மூடியும் அது அசைந்தது. கொஞ்ச நேரம் எழுத்தெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்தைத் தேடினார். தேடுவதிலேயே இரண்டு நிமிடம் போனது.

'நான் மேலே சொன்ன ஆள் இருக்கட்டும். இந்தப் பக்கத்துக்குத் தினமும் முதல் ஆளாக வந்து, ஒரு சொல்லும் எழுதாமல், சிவப்பு இதயம் ஒன்றை வைத்துவிட்டுப் போகிற ஊற்று என்பவரே. உங்களிடம் நெடுநாளாக ஒன்று கேட்க வேண்டும் என்று இருக்கிறேன். நீங்கள்'

திரை சாம்பலானது.

மணல் கடிகாரம் வந்தது. கீழே அந்த ஒரு வரி வந்தது. அழகர் இந்த முறை துடைக்கவில்லை, குத்தவில்லை. உள்ளே நிஷாந்தி இருக்கிறாள். கேட்டால் திறந்து கொடுப்பாள்.

அடுப்படியில் தேங்காய் திருவும் சத்தம் கேட்டது. கொஞ்சம் திருவி, கொஞ்சம் நின்று, மறுபடி திருவியது. குழாயடியில் ஒரு சொட்டு விழுந்தது.

அவர் போனைக் கதிரையில் கவிழ்த்து வைத்தார். காலையில் ஓடியதில் பிடித்துக்கொண்ட முழங்காலை ஒரு தடவை தடவிவிட்டு எழுந்தார். அடுப்படி வாசலில், அவள் பகலில் உட்காரும் அதே இடத்தில், மெல்ல உட்கார்ந்தார்.

கமலம் திரும்பிப் பார்க்கவில்லை. "என்ன, அதுக்குள்ள நேரம் முடிஞ்சிருச்சா?"

"அந்த நேரம் முடிஞ்சிருச்சு," என்றார் அழகர். "நீ என்னமோ கேக்கணும்னு இருந்தியாமே. கேளு."

தேங்காய் திருவும் சத்தம் நின்றது.